அது பாசி டீச்சர், இது கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு படித்தால் போதும்.

மஸ்கட்டில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன மாதம் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறாளாம். தமிழ், ஆங்கிலம், அறிவியல் எல்லாம் நன்றாக ஓடுகிறது. கணக்கு நோட்டை எடுத்தால் மட்டும் மகனுக்கு வயிற்றுவலி, மகளுக்குத் தூக்கம். "டீச்சர், வீட்டுல வச்சுச் சொல்லிக் கொடுக்குறதெல்லாம் வெள்ளைக்காரங்க பழக்கம், நமக்கு ஒத்து வராதோ?" என்று கேட்டாள். பிள்ளைகள் விஷயத்துக்குத் தனியாகப் பதில் சொல்லிவிட்டேன். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. நம் ராமநாதபுரம் கடற்கரையில் வீடும் கணக்கும் சேர்ந்து இருந்த காலம் ஒன்று உண்டு, அது பிரிந்த காலமும் உண்டு. அதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

முதலில் பழைய காலம். 1822ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று கலெக்டர்கள் எழுதி அனுப்ப வேண்டும். நம் சேதுசீமை அப்போது மதுரை ஜில்லாவுக்குள் இருந்தது. ராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910ல்தான். எல்லாக் கணக்கும் வந்து சேர்ந்து, 1826 மார்ச்சில் மன்றோ தன் குறிப்பை எழுதினார். மாகாணம் முழுவதும் பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498. அந்தக் குறிப்பில் என்னை நிறுத்திய இடம் வேறு. சென்னைப் பட்டணத்தில் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் 26 ஆயிரத்துக்கும் மேல் என்று கலெக்டர் எழுதியிருந்தார். பள்ளிக்குப் போகிறவர்களைவிட அது ஏறத்தாழ ஐந்து மடங்கு. மன்றோவுக்கே நம்பிக்கை வரவில்லை, இதில் ஏதோ பிழை இருக்கலாம் என்று எழுதுகிறார். ஆனாலும் மற்ற ஜில்லாக்களில் வீட்டில் உறவினர்களிடமும் தனி வாத்தியார்களிடமும் படிப்பவர்கள் கணிசமாகத்தான் இருப்பார்கள் என்று ஒப்புக்கொள்கிறார். 200 வருஷத்துக்கு முன்னால் வீட்டில் படிப்பது அதிசயமே இல்லை என்பதற்கு இது போதும்.

திண்ணைப் பள்ளி என்பதே பாதி வீடு, பாதி பள்ளிதானே. யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஒரு அண்ணாவி, உதவிக்கு ஒரு சட்டாம்பிள்ளை. முதலில் மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலை. (இந்த மணல் எழுத்தைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் தன் அநாதைப் பள்ளியில் அதைப் புகுத்தினார், இங்கிலாந்துக்கும் கொண்டு போனார். அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர். நம் மணல் கப்பலேறிப் போன கதை அது.) அந்தப் பிள்ளைகள் படித்த கணக்கு, எண்சுவடி. முழு எண்ணோடு நின்றுவிடாது, பின்னத்துக்குள் போகும். கால், அரைக்கால், வீசம் என்கிற மாகாணி, மா, காணி, அரைக்காணி, முந்திரி. வீசம் என்றால் பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. அதையும் முந்நூற்று இருபதாக உடைத்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400ல் ஒன்று. இன்று ஐந்தாம் வகுப்பில் கால், அரை என்று பீட்சா படம் வரைந்து காட்டுகிறோமே, அந்த வயதுப் பிள்ளை முந்திரிக்கும் காணிக்கும் பெருக்கு வாய்பாடு சொன்னது.

வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று நானும் பயிற்சிப் பள்ளியில் படித்தவள்தான். அங்கே திண்ணைப் பள்ளியைப் பற்றி அரைப் பக்கம் இருக்கும், அதிலும் பாதி பிரம்பைப் பற்றி. பிற்பாடு செந்தில் பாபு என்ற ஆய்வாளர் இந்தத் தமிழ்க் கணக்குச் சுவடிகளை வைத்து 2022ல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். நினைவில் ஏற்றுவது என்பதே அந்தக் காலத்தில் சிந்திக்கும் கருவியாக இருந்தது என்பது அவர் வாதம். யோசித்துப் பார்த்தால் சரிதான். நெல்லை அளக்கும்போதும் நிலத்தைக் குழியாகப் போடும்போதும் கையில் காகிதம் கிடையாது. மனதில் இருந்தால்தான் வேலை நடக்கும்.

பழமை என்பதற்காக இதை நான் கோயிலில் வைக்க மாட்டேன். வராத பிள்ளையைச் சட்டாம்பிள்ளை நாலு பேரோடு போய்க் கை காலைப் பிடித்துத் தூக்கி வருவான். கோதண்டம் என்று கயிற்றில் தொங்க விடும் தண்டனை உண்டு. கணக்கு பிடிக்காத பிள்ளை எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறான், அவனைப் பிடித்துக் கட்ட ஆளும் கயிறும் தேவைப்பட்டிருக்கிறது. பெண் பிள்ளைகள் அந்தத் திண்ணையில் அரிதிலும் அரிது. பல சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணைக்குக் கீழே நிற்கக்கூட இடமில்லை.

திண்ணைக்கு வெளியே, தொழில் வீடுகளில் இருந்த கணக்குதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. கீழக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில் முத்தைத் தரம் பிரிக்க அடுக்கடுக்காகப் பித்தளைச் சல்லடைத் தட்டுகள் இருந்தன. 20 துளை உள்ள தட்டில் தங்குவது பெரிய முத்து, அடுத்து 30, 50, 80 என்று போய்க் கடைசித் தட்டில் 1000 துளை. பிறகு எடை: குன்றிமணிபோல் இருக்கும் மஞ்சாடி விதையின் பெயரால் மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. விலை சொல்ல 'செவ்வு' என்று ஒரு அளவு. மொத்த எடையை மஞ்சாடியில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, அதில் முக்கால் பங்கு எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் செவ்வு.

ஏன் வர்க்கம்? 4 மஞ்சாடி எடையில் ஒரே ஒரு முத்து இருந்தால் 16ல் முக்கால், 12 செவ்வு. அதே 4 மஞ்சாடிக்கு நாலு சின்ன முத்து இருந்தால் 12ஐ நாலால் வகுத்து 3 செவ்வுதான். எடை ஒன்று, மதிப்பு நாலில் ஒன்று. பெரிய முத்து எவ்வளவு அரிது என்பதை அந்தச் சூத்திரம் தனக்குள் வைத்திருக்கிறது. இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? வாப்பாவுக்கும் பெரிய வாப்பாவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து தராசைப் பார்த்த பிள்ளைக்கு வந்த கணக்கு அது.

இன்னொன்று, பாகக் கணக்கு. முஸ்லிம் வீடுகளில் ஒருவர் இறந்தால் சொத்து இன்னாருக்கு இவ்வளவு என்று மார்க்கத்தில் வரையறுத்த பின்னங்கள் உண்டு. ஒருவர் தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகளை விட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மொத்தத்தை 72 ஆக்கினால் மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். நான் எட்டாம் வகுப்புக்கு மீச்சிறு பொது மடங்கு நடத்தியபோது பிள்ளைகளின் முகம் வெயிலில் காய்ந்த நெத்திலி மாதிரி இருக்கும். ஒரு நாள் இந்தக் கணக்கைப் போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "எங்க நன்னா மவுத்தானப்ப இப்படித்தான் டீச்சர் பிரிச்சாங்க" என்றாள். அன்றைக்கு மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. பாக்தாதில் 1200 வருஷத்துக்கு முன் அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற சொல்லே வந்தது. அந்த நூலில் பெரும் பகுதி இந்தப் பாகப்பிரிவினைக் கணக்குதான் என்று தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அரண்மனைப் பிள்ளைக்கும் வீட்டு வாத்தியார்தான். 1873ல் முத்துராமலிங்க சேதுபதி காலமானபோது பாஸ்கர சேதுபதிக்கு ஐந்து வயது. ஜமீன் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்துக்குப் போனது, பையன் சென்னையில் ஆங்கில ஆசிரியரிடம் வளர்ந்தார். 1889ல் பொறுப்பேற்றார். விவேகானந்தரை சிகாகோவுக்குப் போகத் தூண்டியவரும், 1897ல் அவர் திரும்பி வந்தபோது பாம்பன் கரையில் வரவேற்றவரும் அவர்தான். கொடுத்துக் கொடுத்தே கடனில் மூழ்கியவரும் அவர்தான். கணக்கு தெரியாமல் இல்லை, கையை மூடத் தெரியாமல்.

பள்ளிக்கூடம் நம் ஊருக்குப் புதிதாக வரவில்லை. 1785 வாக்கிலேயே தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று இடத்திலும் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கப்பட்டன, சுவார்ட்ஸ் பாதிரியார் பெயரோடு சேர்த்து நாம் சொல்வது அதைத்தான். அவர் பெயரில் உள்ள பள்ளியில்தான் நம் கலாம் படித்தார். ராமேஸ்வரத்தில் விடியுமுன் எழுந்து குளித்துவிட்டுக் கணக்கு ட்யூஷனுக்குப் போனதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சுவார்ட்ஸ் பள்ளியில் தெரியாமல் வேறு வகுப்புக்குள் நுழைந்ததற்கு ராமகிருஷ்ண அய்யர் என்ற கணக்கு ஆசிரியர் எல்லோர் முன்னாலும் பிரம்பால் அடித்ததையும், பிறகு கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியபோது அதே ஆசிரியர் பள்ளிக் கூட்டத்தில் அதைப் பெருமையாகச் சொன்னதையும் எழுதியிருக்கிறார். எல்லோரும் இதை நல்ல கதையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அடி வாங்கிவிட்டு கலாம் ஆகாமல் போன பிள்ளைகளின் ஞாபகம்தான் வரும்.

சரி, வீட்டுக் கணக்கும் பள்ளிக் கணக்கும் எப்போது பிரிந்தன? எனக்கு ஒரு தேதி தோன்றுகிறது. 1957 ஏப்ரல் 1. நயா பைசா வந்த நாள். அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ரூபாயில் வீசம் என்றால் ஓரணா, அரைக்கால் என்றால் இரண்டணா, கால் என்றால் நாலணா. எண்சுவடியும் காசும் ஒரே மொழி பேசின. அளவையும் அப்படித்தான். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். பாதி, பாதியில் பாதி, அதில் பாதி. பிறகு 1958 அக்டோபர் தொடங்கிப் படிப்படியாகக் கிலோ, லிட்டர், மீட்டர் வந்தன. நாட்டுக்கு அது நல்லது, வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஓரணாவுக்கு ஆறேகால் பைசா என்று ஆனபோது என் அப்பத்தா மனதில் இருந்த மொத்த வாய்பாடும் ஒரே நாளில் செல்லாக் காசாயிற்று.

நான் 1960ல் பிறந்தவள். அப்பத்தா உப்பும் புளியும் விற்றவள், கையெழுத்துப் போடத் தெரியாது. "அரைக்கால் படின்னா எம்புட்டு?" என்று கேட்டு, நான் முழித்தால், "ஒரு ஆழாக்குடி கூறுகெட்டவளே" என்பாள். நான் பள்ளியில் தசமம் படித்துவிட்டு வந்து 0.125 என்று எழுதிக் காட்டினால் அவளுக்கு அது எறும்பு ஊர்ந்த தடம். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் அப்பத்தா, அவளுக்குப் புள்ளி தெரியாது. சொல்லியிருக்கக்கூடிய இன்னொரு ஆள் வாத்தியார், அவருக்கு அப்பத்தாவோடு பேச்சு கிடையாது. அந்தத் தலைமுறையில்தான் வீட்டுப் பாடத்தில் உதவ வீட்டில் ஆள் இல்லாமல் போனது என்பது என் எண்ணம்.

இப்போது ஒரு பெரிய தாவல், 2020க்கு. மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1. கூட்டிப் பார்த்தால் 19 மாதம். உலகத்திலேயே பெரிய வீட்டுக்கல்வி அதுதான், யாரும் விரும்பிச் சேராத வீட்டுக்கல்வி. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. எங்கள் தெருவில் கேபிள் இருந்த வீடு பாதி, நல்ல போன் இருந்த வீடு அதற்கும் கீழே, அந்த ஒரு போனும் அப்பாவோடு படகுக்குப் போய்விடும்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டு முன்திண்ணையில் ஏழு பிள்ளைகளை உட்கார வைத்தேன். தமிழ் வாசிக்க உட்கார்ந்தார்கள், கதை கேட்க முண்டினார்கள். கணக்கு என்றதும் ஒருத்தனுக்குத் தண்ணீர் தாகம், இன்னொருத்திக்கு அம்மா கூப்பிடும் சத்தம். சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வார்கள். நாலு மாதம் தொண்டை வற்ற முயன்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளி என்றால் மணி, வரிசை, பக்கத்தில் இருப்பவன் எழுதுகிறானே என்ற கூச்சம் எல்லாம் பிள்ளையை உட்கார வைக்கும். வீட்டில் அந்தத் தூண்கள் ஒன்றும் இல்லை. பிள்ளைக்கும் கணக்குக்கும் இடையே நீங்கள் மட்டும்தான்.

அதில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் அம்மாவும் அப்பாயியும் பாசி வளர்ப்பவர்கள். கடல் தெரியாத உறவுகளுக்காகச் சொல்கிறேன். மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் மிதக்க விடுவார்கள், ஏறத்தாழ 45 நாளில் அறுவடை. பச்சைப் பாசி 10 கிலோ காய்ந்தால் ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே நிற்கும். அந்தப் பையன் சிலேட்டில் 65ஐ 7ஆல் பெருக்கினான். ஏழைந்து முப்பத்தைந்து என்று 35ஐ அப்படியே எழுதி, ஏழாறு நாற்பத்திரண்டு என்று 42ஐ அதற்கு முன்னால் ஒட்டினான். விடை 4235. கணக்கு நடத்திய எந்த ஆசிரியருக்கும் பழகிய தப்பு இது. நான் ஒன்றும் சொல்லாமல், "காஞ்ச பாசி கிலோ 65 ரூபான்னா ஏழு கிலோவுக்கு வியாபாரி என்னடா தரணும்?" என்றேன். கண்ணை மேலே தூக்கினான். "பத்து கிலோவுக்கு 650. மூணு கிலோவுக்கு 195. கழிச்சா 455." மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

"அப்ப இதுல ஏன் நாலாயிரத்துச் சொச்சம் வந்துச்சு?"

சிலேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அது பாசி டீச்சர். இது கணக்கு."

38 வருஷம் பாடம் நடத்தியவள் நான். பயிற்சிப் பள்ளியில் படித்த உளவியல் முழுவதையும்விட இந்த நாலு சொல்லில் அதிகம் இருக்கிறது. அவன் கணக்கை மறுக்கவில்லை, தாளில் இருக்கும் கணக்கைத்தான் மறுத்தான். நயா பைசாவோடு என் அப்பத்தாவுக்கும் எனக்கும் நடுவில் விழுந்த அதே கோடு, அறுபது வருஷம் கழித்து ஒரே பையனின் தலைக்குள் விழுந்து கிடந்தது.

இது நம் ஊர் விஷயம் மட்டும் இல்லை. பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்ற துறைமுக நகரத்தில் தெருவில் தேங்காய், பழம் விற்ற பிள்ளைகளை வைத்து தெரெசின்ஹா நூனெஸ், அவர் தோழர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள், 1985ல் வெளியானது. வியாபாரத்தில் கேட்டபோது 98 சதவீதம் சரி. அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம். பிள்ளைகள் ஐந்து பேர்தான், சின்ன ஆய்வுதான். அங்கேயும் ஒரு பையன் ஒரு காய் 35 என்றால் பத்துக் காய்க்கு, மூன்று மூன்றாகக் கூட்டித்தான் விலை சொன்னான். பத்தால் பெருக்கினால் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போடலாம் என்று பள்ளியில் சொன்னது அவனுக்குத் தோன்றவே இல்லை. அதே நாட்டு மீனவர்களிடம், இத்தனை கிலோ பிடித்தால் ஓடு கழித்துச் சதை எத்தனை கிலோ என்று கேட்டுப் பார்த்தார்கள். படிப்பு குறைந்தவர்களாக இருந்தும் விகிதக் கணக்கை நேராகவும் திருப்பியும் போட்டார்கள். பச்சைப் பாசியும் காய்ந்த பாசியும் என்ன, அதுதானே.

"அப்படியானால் பிள்ளையைக் கடைக்கு அனுப்பு, கணக்கு தானாக வரும்" என்று சிலர் சொல்வார்கள். வராது. 2025 தொடக்கத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைப் பார்த்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சந்தையில் சிக்கலான விலையை மனதில் போட்ட பிள்ளைகள் பள்ளியில் கேட்கும் எளிய வகுத்தலில் தடுமாறினார்கள். சந்தைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகளைச் சந்தைக் கணக்குக் கேட்டால் அவர்கள் அதில் தடுமாறினார்கள். ஒரு கரையில் நீச்சல் தெரிந்தவன் மறு கரைக்குத் தானாகப் போய்விடுவதில்லை, நடுவில் யாராவது படகு விட வேண்டும்.

நான் அந்தப் பையனிடம் விட்ட படகு சின்னது. பெருக்கலை மறுபடி நடத்தவில்லை. அவன் வாயால் சொன்னதை அப்படியே தாளில் எழுதச் சொன்னேன். 10க்கு 650. 3க்கு 195. கழித்தால் 455. "இதுவும் கணக்குதானா டீச்சர்?" என்று சந்தேகமாகக் கேட்டான். பிறகு ஏழை ஐந்தும் இரண்டுமாக உடைத்தான், 325ம் 130ம். பிறகு 65ஐ அறுபதும் ஐந்துமாக உடைத்தான், 420ம் 35ம். அங்கே வந்து நின்றுகொண்டு தன் பழைய சிலேட்டுக் கணக்கைப் பார்த்தான். 42ம் 35ம் அதிலேயே இருந்தன. "இந்த நாற்பத்திரண்டு நானூத்தி இருபதா?" என்று அவனே கேட்டான். இதற்குப் பதினோரு நாள் ஆயிற்று. பள்ளியில் 35 பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனுக்குப் பதினோரு நாள் தர முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

2021 அக்டோபர் 27ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதுவும் ஒரு கடலோரக் குப்பம்தான். அந்தந்தத் தெருவிலேயே படித்த பெண்கள் தன்னார்வலர்களாக, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், ஒருவருக்கு 20 பிள்ளைகள் அளவில். மாதம் 1,000 ரூபாய். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் இதில் இருந்தார்கள். கிண்டல் செய்தவர்களும் உண்டு, பயிற்சி இல்லாதவர்கள் என்ன சொல்லித் தருவார்கள் என்று. டிப்ளமா வாங்கிய எனக்கும் லேசாக மூக்கு சுளித்தது என்றால் பொய்யில்லை.

ஆனால் கணக்கு என்ன சொல்கிறது பாருங்கள். கார்த்திக் முரளிதரனும் அவர் சகாக்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2019ல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் 2021 டிசம்பரில் பெரிய பள்ளம். அதிலும் கணக்கில் விழுந்த பள்ளம் மொழியில் விழுந்ததைப் போல இரண்டு மடங்கு. காரணம் எனக்குத் தெரிந்த வரையில் எளிது. பள்ளி மூடினாலும் வீட்டில் தமிழ் மூடுவதில்லை. பேசுகிறோம், திட்டுகிறோம், பேருந்துப் பலகையைப் படிக்கிறோம். தாள் கணக்குக்கு மட்டும் வீட்டில் இடமே இல்லை. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துவிட்டது, அப்படித் தூர்ந்ததில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலம் சொல்லித் தந்ததற்கு இது பெரிய பலன்.

எங்கள் தெருவில் அந்த வேலையைச் செய்தவள் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்தவள்தான். தானே கணக்கில் தடவித் தடவி வந்தவள். "டீச்சர், எனக்கே கடன் வாங்கிக் கழிக்கிறது பயம், அதனால அவுகளுக்கு மெதுவாச் சொல்றேன்" என்பாள். அவளிடம் சிலேட்டைக் கவிழ்த்த பிள்ளையை நான் பார்க்கவில்லை. ஐஸ் பெட்டிக்கு எத்தனை கட்டி, டீசல் கழித்தால் ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று அவள் வீட்டில் தினமும் பேசும் பேச்சு, அவளிடம் அது பாடமாகவே இருந்தது. பக்கத்தில் ஒரு தாளும் இருந்தது, அவ்வளவுதான்.

என் ஏழு பேரில் ஆறு பேர் பள்ளி திறந்ததும் போனார்கள். ஏழாவது, எட்டாம் வகுப்புப் பிள்ளை. அப்பாவுக்குக் கடன், இவன் ஐஸ் கம்பெனிக்குப் போய் அங்கிருந்து படகுக்குப் போய்விட்டான். நான் இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "டீச்சர், அவனுக்குக் கணக்கு நல்லா வரும், பங்குல ஒரு ரூபா ஏமாத்த முடியாது" என்று அவன் அம்மா பெருமையாகச் சொன்னாள். உண்மைதான். படகில் பங்கு பிரிக்கும்போது இப்போது அவனைத்தான் கூப்பிடுகிறார்களாம். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15லிருந்து. அந்த நாட்களில் சாயங்காலம் வா, இயற்கணிதத்தைப் பங்குக் கணக்கிலிருந்தே தொடங்கலாம் என்றேன். தலையை ஆட்டினான். சிரித்தானா இல்லையா என்று முகக்கவசத்தில் தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய எண்சுவடி, அணா பைசாக் கணக்கு எழுதிய நோட்டு, சம்மாட்டி வீட்டுப் பேரேடு, முத்துத் தராசு, மரக்கால், ஆழாக்கு என்று எது கிடந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்த ஊர், யார் வீடு, என்ன தொழில் என்று இரண்டு வரி சேர்த்து. கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பிள்ளைகள் முக்கியமாகப் பாருங்கள். அப்பத்தா, நன்னிமா யாராவது இன்னும் மாகாணி வாய்பாடு சொல்பவர்கள் இருந்தால் செல்போனில் பதிவு செய்துவிடுங்கள். காது மந்தமாக இருந்தால் காலையில் கேளுங்கள், அப்போதுதான் ஞாபகம் தெளிவாக இருக்கும்.